துணி மடிக்கிற பூனை

மே 11, ஞாயிறு

கம்ப்யூட்டர் வகுப்பில், சுவரில் விழுந்த படத்தில் பூனை பன்னிரண்டு துணி மடித்ததும் சற்று நேரம் நின்றது. எனக்குத் திக்கென்றது. அப்படி நிற்க வைத்தது நான்.

நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் பன்னிரண்டு துணி மடித்ததும் நிறுத்தி, ஒரு கட்டாகக் கட்டுவோம். போன ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பிஸ்கட் வாங்கப் போனபோது, தங்கச்சி மாரீஸ்வரியின் லேப்டாப்பில் கட்டளைப் பிளாக்குகளை இழுத்து மாட்டி அந்தப் பூனையைச் செய்தேன். கைப்பழக்கத்தில் பன்னிரண்டுக்கு ஒரு "காத்திரு" வைத்தேன். வேறு யார் வைப்பார்கள்?

அனுசியா டீச்சர் யார் செய்தது என்று சொல்லவில்லை. "ஸ்ரீவில்லிபுத்தூர் கண்காட்சிக்கு இதுதான் போகுது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கடைசி பெஞ்சில். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வருகை நோட்டில் என் பெயர் இல்லை. தங்கச்சிக்குத் துணை, அவ்வளவுதான்.

மே 13

என் பூனையை டீச்சர்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் கிட்டப் போனதும் திரையை மாற்றினாரே, ஏன்?

மே 15

கூட மடிக்கும் ஈஸ்வரி அக்காவிடம் சொன்னேன். "ஏட்டி, பூனையே மடிச்சா நம்ம சோலி போச்சு போ" என்று சிரித்தாள். "வாயத் தொறந்து கேளேன்."

கேட்க முடிந்தால் இதை ஏன் எழுதுகிறேன்?

மே 18, ஞாயிறு

"கண்காட்சிக்கு நீயும் வாரியா?" என்றார் டீச்சர். என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? வாயை அடைக்கவா?

வீட்டில் மாரீஸ்வரியின் பையில் ஓர் அட்டை. 'துணி மடிக்கும் பூனை – மு. மாரீஸ்வரி, எட்டாம் வகுப்பு.'

"ஏட்டி, நீயா?" என்றேன்.

"டீச்சர் கேட்டாவ. எம் லேப்டாப்புலதான இருந்துச்சு, நாந்தான்னு சொல்லிட்டேன். உம் பேருதான் நோட்டுலயே இல்லியே."

ஒரு வாரமாக யாரை நினைத்து... சே.

மே 24

அவளோடு பேசவில்லை. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

மே 25, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல கூட்டம். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா குனிந்து பார்த்தார். "துணி தீந்துட்டா பூனை என்ன செய்யும் பாப்பா? அதையும் செஞ்சு காட்டு."

மாரீஸ்வரி பிளாக்குகளை மேலும் கீழும் இழுத்தாள். ஏற்கெனவே மடித்துக்கொண்டிருந்த பூனையும் ஓடாமல் நின்றுவிட்டது. அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. டீச்சர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தெரிந்துதான் என்னை வரச் சொன்னாரா?

"அக்கா" என்றாள் மாரீஸ்வரி.

நன்றாக வேண்டும் என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

பிறகு அவளை நகரச் சொல்லி உட்கார்ந்து மவுஸை வாங்கினேன். "இது நான் செஞ்சதும்மா" என்றேன்.