ஃபுங்கியா இலையின் நீலம்

20 யூன் 86, வெள்ளி

காலையில் மழை, பிறகு விட்டது. மோசர் என்ற வெள்ளைக்கார அம்மா வீட்டில் தோட்ட வேலை. பெரிய மரத்தடி நிழலில் ஃபுங்கியாச் செடி. இலை ஒவ்வொன்றும் தட்டு அளவு, பொரித்த அப்பளம் போலக் கொப்புளம் கொப்புளமாக. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். அவருடைய கணவர் நட்டது. அவர் ஆஸ்பத்திரியில், இனிச் சுகப்படாத வருத்தம். வருகிற ஞாயிறு ஒரு நாளைக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். இந்தச் செடியைப் பார்க்கத்தான் கேட்டாராம்.

ஓடில்லாத நத்தைகள் இலையை ஓட்டை போடுகின்றன. உப்புப் போட்டுக் கொல்லச் சொன்னார் மோசர் அம்மா. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கொல்வதா? குளிர்காலத்து அடுப்புச் சாம்பலை அள்ளி இலையெல்லாம் தூவினேன். ஊரில் கத்தரிக்குச் செய்வதுதான்.

வாங்க: பருப்பு, சவர்க்காரம், தபால் முத்திரை.

21 சனி

வெயில். நத்தை ஒன்றும் இல்லை. எனக்குப் பெரிய பெருமை. ஆனால் இலையெல்லாம் சாம்பல் அப்பி அசிங்கம். நாளைக்கு அவர் வருகிறாரே. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாக, கொப்புளத்துக்குக் கொப்புளம் அழுத்தித் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீலத்தைக் காணவில்லை. வெறும் பச்சை.

மோ. அம்மா வந்து பார்த்தார். அந்த நீலம் இலைமேல் படியும் மெழுகாம். துடைத்தால் போய்விடுமாம். அடுத்த வசந்தத்தில் புது இலையோடுதான் வருமாம். அதுவரை கணவர் இருக்கமாட்டார், அதை அம்மா சொல்லவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம்.

நாளை கணவரின் சக்கர நாற்காலியைத் தூக்க வரச் சொல்லியிருக்கிறார். அறையில் என்னோடு இருக்கும் சிவத்திடம் சொன்னேன். "ஒரு இலைக்குப் போய் இப்பிடி இருக்கிறாய். காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டுப் படு."

வெட்கம்.

22 ஞாயிறு

போனேன். கிழவர் சக்கர நாற்காலியில், வெயிலிலும் கம்பளி போர்த்தபடி. தூக்கும்போது பாரமே இல்லை. செடிக்குப் பக்கத்தில் விடச் சொன்னார். கனநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். மனைவியைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"நீலமாத்தானே இருக்கு?"

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம். நல்ல நீலம்," என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

தனக்குப் பச்சையாகத்தான் தெரிகிறது, அப்படியென்றால் தன் கண்ணும் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஓம் என்று தலையாட்டினார்.