டேங்க் தாங்குச்சா, வசந்தி?

என் வசந்தி, இத்தனை வருஷமாக என் நெஞ்சை விட்டு இறங்காத பாவி மகளே,

போன வாரம் உன் தம்பி நகரியிலிருந்து வந்து சொன்னான். அமெரிக்காவில் தூக்கத்திலேயே போய்விட்டாயாம். அங்கேயே எரித்துவிட்டார்களாம். எனக்கு அழுகை வரவில்லைடி, ஆத்திரம்தான் வந்தது. உன்னிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன். அதற்குப் பதில் சொல்லாமல் எப்படிப் போனாய்?

திருப்பதி காலேஜ் லேபில் நாம் இரண்டு பேரும் கட்டிய டேங்க் ஞாபகம் இருக்கிறதா? வேறு கிரகத்துக்குப் போகும் விண்கலத்தில் எரிபொருள் வருஷக்கணக்கில் கடுங்குளிரிலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் சூடு உள்ளே போனாலும் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை அடைத்து வைத்தால் டேங்க் வெடிக்கும், வெளியே விட்டால் போய்ச் சேரும்போது பிரேக் போட எரிபொருள் மிஞ்சாது. அந்தச் சூட்டைத் தடுக்கத்தான் பளபளக்கும் தாள்களை அடுக்கடுக்காகச் சுற்றினோம். தாளும் தாளும் ஒட்டாமல் இருக்க, நடுவில் வைக்க உன் நைனா பவர்லூமில் சல்லாத்துணி நெய்து கொடுத்தார். "இன்னாமா இது, கொசு பூந்து வர மாதிரி கீது, இதுவா சூட்டத் தடுக்கும்?" என்று சிரித்தார்.

டேங்க் தாங்கினால் இரண்டு பேரும் திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டோம். யோசனை உன்னுடையதுதான். என் முடி இடுப்பைத் தாண்டி இருந்தது, உனக்கே அதில் பொறாமை.

திரவ நைட்ரஜனை ஊற்றி, எவ்வளவு ஆவியாகிறது என்று காட்ட ஒரு மீட்டரும் மாட்டிச் சோதனையை ஆரம்பித்தோம். கரண்ட் போனால், டேங்கைச் சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சும் பம்ப் நின்றுவிடும். உடனே வால்வைக் கையால் மூடாவிட்டால் காற்று திரும்ப உள்ளே புகுந்து எல்லாம் பாழ். அதனால் மாறி மாறிக் காவல் இருந்தோம். அம்மாவுக்கு முடியவில்லை என்று நான் வெதுருகுப்பம் போனபோது, உன்னை நம்பித்தானே விட்டுவிட்டுப் போனேன்?

திரும்பி வரும்போது திருச்சானூரில் ஷேர் ஆட்டோவிலிருந்து நீ இறங்கிக்கினு இருந்தாய், மொட்டைத் தலையோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. "தாங்குச்சாடி?" என்று ரோட்டிலேயே கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். நான் லேப் பக்கமே போகவில்லை. நேரே மலையேறி முடியைக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசின தலையோடு ஓடி வந்தேன்.

டேங்க் காலியாகக் கிடந்தது. கரண்ட் போய் வந்திருக்கிறது, வால்வு திறந்தே இருந்திருக்கிறது. பம்ப் எண்ணெய் உள்ளே ஏறி உன் நைனா நெய்த துணியெல்லாம் ஊறிப்போயிருந்தது. புரொஃபசர் என் தலையைப் பார்த்தார். "நுவ்வு கூடா வீசாக்கே மொக்குக்குன்னாவா அம்மா?" என்றார். வசந்தி மாதிரி நீயும் வீசாவுக்குத்தான் வேண்டிக்கினியா என்று கேட்கிறார்!

நீ அன்றைக்கே பிளேன் ஏற மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டாய். ஊரே பறந்துக்கினு இருந்த காலம், நீ பறந்ததில் எனக்கு வருத்தமில்லை. சொல்லியிருந்தால் நானே பஸ் ஏற்றிவிட்டிருப்பேனே! வால்வுக்குப் பக்கத்தில் வேறு யாரையாவது உட்கார வைத்திருப்பேனே! ஏன்டி மறைத்தாய்? தடுத்துவிடுவேன் என்றா நினைத்தாய்? என்மேல் அவ்வளவுதானா உன் நம்பிக்கை?

அதற்குப் பிறகு நம் டேங்கை யாரும் சீண்டவில்லை. நீ அங்கே இதே வேலையில் பெரிய ஆளாகிவிட்டாய் என்று உன் தம்பி பெருமையடிப்பான். நான் இங்கே பாடம் நடத்திக்கினு இருந்தேன். வீம்பில் உனக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. நீயும் போடவில்லை. கரண்ட் போகிறவரைக்கும் அது தாங்கியதா? மீட்டரைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். அன்றைக்குத் தலையாட்டியது நிஜமா, என் வாயை அடைக்கவா?

ஒரு சேதி சொல்கிறேன் கேள். ரிட்டயர் ஆவதற்குள் இன்னொரு தடவை என்று நச்சரித்து அனுமதி வாங்கிவிட்டேன். அதே டேங்க்தான். துணி உன் தம்பி நெய்தது. இப்போதெல்லாம் கரண்ட் போனால் வால்வு தானாகவே மூடிக்கொள்கிறது, ஆளே வேண்டாம். "வீட்டுக்குப் போங்க மேடம்" என்கிறார்கள். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கினு இருக்கிறேன்.

தாங்கினால், நீ அன்றைக்குப் பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தாங்காவிட்டால் அதையும் உன் படத்துக்கு முன்னால் வந்து சொல்வேன். எதுவானாலும், அந்த வால்வை விட்டுப் போனதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

மொட்டையா? போடுகிறேன்டி. இந்தத் தடவை மீட்டரை நானே பார்த்த பிறகு.

கோபம் தீராத,
உன் கூடப் பிறக்காத அக்கா,
சரோஜா