நான் ஏறச் சொன்ன நாள்

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி எங்களை எங்களுக்கே போட்டுக் காட்டினார் ஆராய்ச்சியம்மா. கயிற்றில் நடக்கிற குடும்பங்களைப் பற்றிப் படிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். எங்கள் பின்னறையிலேயே குடியேறி, இப்போது எங்களோடு சேர்ந்து படம் எடுக்கிறார். "உங்களைப் பத்தி எடுக்கல, உங்களோட எடுக்கிறேன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். கேமரா முறை வைத்துக் கை மாறுகிறது. இன்று பார்த்தது என் ஓரகத்தி எடுத்தது. பாதிக்கு மேல் அவளுடைய கட்டைவிரல்தான். இந்த விரலுக்கும் ஒரு வேஷம் கொடுத்துடலாம் என்றார் மாமியார். சிரித்து வயிறு வலித்தது.

படத்துக்கு ஒரே சட்டம். அவரவர் உருவம் அவரவருக்குச் சொந்தம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வெட்டிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. நான் கொட்டாவி விடுகிற இடத்தை வெட்டச் சொன்னேன். உடனே வெட்டினார். எனக்குக் கொஞ்சம் திமிராகக்கூட இருந்தது.

என் மகள் குட்டி மறுபடி ஆரம்பித்துவிட்டாள், எப்போ மேல்கயிறு, எப்போ மேல்கயிறு என்று. பன்னிரண்டு வயசுக்கு அவசரத்தைப் பார். அடுத்த வருஷம்தான் என்றேன். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்றார். அவர் மேளத்தைத் தொட்டுச் சொன்னால் சொன்னதுதான்.

மார்ச் 11, புதன்

மழை. ஆட்டம் இல்லை. நாள் முழுக்கத் தூங்கினேன். சுகம்.

ஏப்ரல் 9, வியாழன்

விழுந்துவிட்டேன். எழுத இப்போதுதான் மனசு வருகிறது.

சந்தைத் திடலில், மேல்கயிற்றின் நடுவில் திரும்பும்போது. ஏன் என்று தெரியவில்லை. கால் இருந்தது, கயிறு இல்லை, அவ்வளவுதான். கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். தரையில் நடக்கலாம், கயிற்றை மறந்துவிட வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு விரல் முறிவு. அதற்கு அதிக நேரம் நின்றார்.

நான் விழுந்த உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டார்களாம். அவர் மேளத்தை வீசிவிட்டு ஓடிவந்தாராம். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். கேட்கக் கேட்க இதமாக இருக்கிறது. மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

வீடு. அவர் எனக்குத் தலை வாரிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இல்லாத அதிசயம். ஓரகத்தி கஞ்சியை ஊதி ஊதிக் கொடுக்கிறாள். ஆராய்ச்சியம்மா வாசலில் நின்றபடியே விசாரிக்கிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

குட்டிதான் கிட்டேயே வரமாட்டேன் என்கிறாள். இன்று அவள் காலைப் பிடித்து உட்கார வைத்தேன். உள்ளங்காலில் கயிறு அறுத்த புண், காய்ந்துகொண்டிருக்கிறது. கீழ்க்கயிற்றில் பழகினாளாம். கீழ்க்கயிறு இப்படி அறுக்காது. எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்றைக்குப் பார்க்கிறது உனக்கு வேண்டாம் என்றார்கள். ஏன் வேண்டாம்? நாற்காலியோடு தூக்கிப் போகச் சொன்னேன். நான் விழுந்த அன்று கேமரா ஓரகத்தியிடம் இருந்திருக்கிறது. இந்தத் தடவை கட்டைவிரல் எங்கேயும் மறைக்கவில்லை.

நான் விழுகிறேன். மேளம் நிற்கவில்லை. அவர் என்னை ஒரு தடவை பார்க்கிறார், அடியை இன்னும் வேகமாக்குகிறார். மாமியார் கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார். யாரும் போகாதீங்க, இதுவும் ஆட்டம்தான் என்கிறார். கொழுந்தன் என் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போய்த் துணி மறைப்புக்குப் பின்னால் போடுகிறான். கேமரா கூடவே வருகிறது.

அங்கே ஆராய்ச்சியம்மா மண்டியிட்டிருக்கிறார். என் ஆட்டப் பாவாடையை என் இடுப்பிலிருந்து உருவி என் மகளுக்குக் கட்டுகிறார். பெரிதாக இருக்கிறது, ஊக்கு குத்துகிறார். வாயில் இன்னும் இரண்டு ஊக்கு. நான் பக்கத்தில் உள்பாவாடையோடு கிடக்கிறேன். குட்டி போவதற்கு வழியில்லை. என்னைத் தாண்டித்தான் போகிறாள்.

அப்புறம் மேல்கயிறு. சிரித்த முகம். அழகாக நடந்தாள். அதையும் எழுதிவிடுகிறேன் — என்னைவிட அழகாக.

படம் முடிந்தது. ஓரகத்திதான் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

ஏப்ரல் 27, திங்கள்

கேட்டேன். மேளத்தை ஏன் நிறுத்தலை என்று. அவர் சட்டையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கூட்டம் கலைஞ்சா மறுபடி சேருமா? நீ மூச்சு விட்டுட்டுதான் இருந்தே. பார்த்தேன்."

குட்டியை ஏன் ஏத்துனே, அடுத்த வருஷம்னு சொன்னியே என்றேன். ஒரு வருஷம் முன்னாடி ஆயிடுச்சு, அதுக்கென்ன இப்போ, நல்லாத்தானே நடந்தா என்றார். அப்படியானால் என் தலையை எதுக்கு வாரினே? அதைக் கேட்கவில்லை. இன்று அவர் வாரவில்லை.

மே 3, ஞாயிறு

வெட்டு நாள். என்னைப் படத்திலேர்ந்து எடுத்துடுங்க என்றார் அவர். என்னையும் என்றார் மாமியார். கொழுந்தன் கையை மட்டும் தூக்கினான். யாரும் காரணம் கேட்கவில்லை. சட்டம் அப்படி.

கடைசியில் ஆராய்ச்சியம்மாவும் தன்னை வெட்டிக்கொண்டார். நான் உங்க சமூகத்துல ஒருத்தி இல்லை, படத்துல நான் தெரியறது அறமில்லை என்றார்.

"ஊக்கு குத்தும்போது?" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. தினமும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாராம். நினைத்துக்கொண்டே வெட்டினார்.

மிச்சம் இரண்டுதான். நான் விழுவது, குட்டி ஏறுவது. நான் விழுவதை மட்டும் விட்டு வைப்பானேன்? அதையும் எடுத்துடுங்க என்று சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் குட்டி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் விழுந்த பிறகு தானாக வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"நீ விழுந்தது இருக்கட்டும்மா. அது இல்லாட்டி நான் ஏறினது பெருசா தெரியாது."

பார்க்கும்போது வலிக்குதுடி என்றேன். பார்க்கிறவங்களுக்கும் வலிக்கும், அதான் நல்லாருக்கு என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவளுக்கு. தொழில் பேசினாள். அவள் அப்பாவின் குரல் அப்படியே. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஆகஸ்ட் 22, சனி

பெரிய அரங்கம், குளிரக் குளிர ஏசி, மெத்தை நாற்காலிகள். படம் ஓடியது. காலித் திடலில் நான் விழுகிறேன். சுற்றிலும் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் தங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே. பிறகு குட்டி, என் பாவாடையில், வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு. கைதட்டு நிற்கவே இல்லை.

எங்களை மேடையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்கும் நேரம். பின்வரிசையிலிருந்து ஒருவர், கண்ணாடி போட்டவர், நேராகக் குட்டியைப் பார்த்துக் கேட்டார். "அம்மா கீழே கிடக்கறப்போ சிரிச்சுட்டே நடந்தியே, மனசு எப்படிம்மா வந்தது?"

குட்டி அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தாள், ஆராய்ச்சியம்மாவைப் பார்த்தாள். ஆராய்ச்சியம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகவாய் நடுங்க ஆரம்பித்தது. அத்தனை பேர் அவளைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். யாராவது வாயைத் திறங்களேன். திறக்கவில்லை.

நான் மைக்கை வாங்கினேன்.

"நான்தாங்க ஏறச் சொன்னேன். விழுந்த இடத்துலேர்ந்தே சொன்னேன்."

அரங்கமே எழுந்து நின்றது. அவர் என் தோளில் கை போட்டார். கை வியர்த்திருந்தது.

வேறென்ன செய்திருக்க வேண்டும்? பன்னிரண்டு வயசுப் பிள்ளை எல்லோருக்குமாகச் சேர்த்துச் சுமக்கணுமா?

செப்டம்பர் 6, ஞாயிறு

படத்தை மறுபடி வெட்டுகிறார்கள். மேடையில் நான் சொன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குரலைத் திடல் காட்சியின் மேல் போட்டதும் எல்லாமே மாறிவிட்டது என்கிறார் ஆராய்ச்சியம்மா. மாறித்தான் விட்டது. இப்போ நான் இருக்கலாமில்ல என்றார் என் வீட்டுக்காரர். மேளம் அடிக்கிற அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெண்டாட்டி சொல்லைக் காப்பாற்ற அடிக்கிற மாதிரி இருக்கிறது. மாமியார் தன் முகம் இன்னும் கொஞ்ச நேரம் வரட்டும் என்றார். ஊக்கும் வந்துவிட்டது, குத்துகிற கையும். எல்லாரும் சேர்ந்து ஒரு தாயின் சொல்லை நிறைவேற்றிய இடமாம் அது.

சட்டத்தைச் சொன்னேன். என்னை வெட்டுங்க. முழுசா.

"சரிக்கா, உருவத்தை எடுத்துடறேன். குரலைப் பத்தி நாம சட்டம் போடலையே" என்றார் ஆராய்ச்சியம்மா.

சட்டம் போடாத விஷயத்துக்கு எல்லோரும் கை தூக்கித் தீர்மானிக்க வேண்டுமாம். குரல் இருக்கட்டும் என்று தூக்கினார்கள். குட்டியும். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தூக்கினாள், எனக்குப் பெருமை சேர்க்கிற நினைப்பில்.

இனிமேல் படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். நான் மட்டும் இல்லை. எங்கிருந்தோ என் குரல் வருகிறது, பிள்ளையை ஏறச் சொல்லி.

நவம்பர் 14, சனி

அவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். முதலில் படம், பிறகு ஆட்டம். நான் வீட்டில். இடுப்பு குளிர் தாங்கவில்லை.

ஜனவரி 10, ஞாயிறு

நேற்று எல்லோரும் வந்தார்கள். குட்டி வளர்ந்திருக்கிறாள். காலையில் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து பேட்டி எடுத்தாள். பயமா இல்லையா என்று கேட்டதற்கு, "அம்மா ஏறச் சொன்னாங்க, ஏறினேன்" என்றாள் குட்டி. அவ்வளவு வலியில் எப்படி உங்களால் பேச முடிந்தது என்று என்னிடம் கேட்டாள் அந்தப் பெண். பெத்தவளாச்சே என்றேன். எழுதிக்கொண்டாள்.

அவள் போனதும் குட்டியைத் தனியாகக் கூப்பிட்டேன். நான் சொன்னது நிஜமாவே உனக்குக் கேட்டுச்சா என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கேட்டுச்சேம்மா. நீதானே சொன்னே."

பொய் சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இன்று அப்படிப் போகவில்லை.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். "ஏறு" என்றேனா, "ஏறுடி" என்றேனா? "ஏறுடி" என்றுதான் சொல்லியிருப்பேன். அவளிடம் நான் அப்படித்தான் பேசுவேன்.