பேத்தியின் முதல் கேஸ் நான்

9 ஜூன், திங்கள்
எனக்கு எழுத்துத் தெரியாது. பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. பேத்தி ஷாலினிக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் தைரியமாய்ச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருக்கிறது. குர்லாவில் என் பேரில் இரும்புக் கம்பெனியாம். அறுபத்திரண்டு லட்சம் வரி பாக்கியாம். தாராவியில் நாற்பது வருஷம் தோல் வெட்டியவன் நான்!

மாதுங்காவில் வரி வக்கீல் வேங்கடசுப்ரமணியன் சாரிடம் அவள் ஜூனியராய்ச் சேர்ந்து மூன்று மாதம். "தாத்தா, என் முதல் கேஸே நீங்கதான்," என்கிறாள்.

11 ஜூன்
"உங்க ரேகைய வச்சுத்தான் அந்தக் கம்பெனியத் தொறந்திருக்காங்க, தாத்தா. யார் கூட்டிட்டுப் போய் ரேகை வைக்கச் சொன்னா?" என்று கேட்டாள் ஷாலினி.
ஞாபகமில்லை என்றேன்.
"அப்பா கல்யாணத்துல யார் எத்தன இட்லி தின்னான்னு சொல்வீங்க. இது ஞாபகமில்லையா?"

12 ஜூன்
இருக்கிறது. 2023 ஆகஸ்ட், நல்ல மழை. குர்லாவில் ஜெராக்ஸ் கடை மாடி. ரேஷன் கார்டுக்கு என்று கூட்டிப் போனவன் என் மகன் வேல்ராஜ். ஷாலினியின் அப்பன்.

இன்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "யப்பா, ஒருத்தன் அஞ்சாயிரம் தந்தான், வாங்கிட்டேன். இப்படி ஆவும்னு தெரியாது. சொல்லிராதீங்க, உள்ள போட்டுருவாங்க."

என்ன செய்ய நான்?

16 ஜூன், திங்கள்
சார் ஆபீஸில் வாக்குமூலப் பத்திரம். எழுத்துத் தெரியாதவனுக்கு முழுசும் வாசித்துக் காட்ட வேண்டுமாம். இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். 'கூட்டிப் போனது யாரென்று நினைவில்லை' — அங்கே நின்றுவிட்டாள்.

"தாத்தா, புரிஞ்சுதான் வச்சார்னு கீழ நான் சைன் பண்ணணும். கோர்ட் காகிதத்துல என் முதல் சைன். இது சச் ஹை க்யா, நெசந்தானா?"

விரலில் மை. வச்சா மவன் தப்பிப்பான். இவ? முதல் கையெழுத்தே பொய்யில...

"எழுதுட்டி. வேல்ராஜ். உங்கப்பன்தான்."

அழவில்லை. மை துடைக்கத் துணி தந்தாள். அஞ்சாயிரம் வாங்கியதையும் சொன்னேன். மறுபடி டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

17 ஜூன்
சார் கேஸைத் தானே எடுத்துக்கொண்டார். "அப்பா பேர் வந்துடுத்தேம்மா, நீ இதுல நிக்கப்படாது." போயிற்று அவள் முதல் கேஸ்.

மருமகள் மாரிசெல்வி சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

3 ஜூலை, வியாழன்
வேல்ராஜை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினேழு நாளாய் என்னோடும் மகளோடும் பேசாதவன், புறப்படும்போது அவளிடம் கேட்டான்: "என்னலாம் கேப்பாங்க?"

"எது கேட்டாலும் உள்ளதச் சொல்லுங்கப்பா. அஞ்சாயிரம் தந்தவன் பேரையும்."

நானும் செருப்பை மாட்டினேன். வேண்டாமென்று அவன் சொல்லவில்லை.