டானர் மேட்டில் நின்றுபோன வண்டி

ஸ்லேட் ஃபோர்க், கென்டக்கி
செப்டம்பர் 19

அன்புள்ள ராட்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பேத்திகள் இருவரும் அந்த அரிசோனா வெயிலைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிச் சொன்னால், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசு பாதிதான் நன்றாக இருக்கிறது. அம்மா இருக்கிறாள், ஆனால் நீ ஏப்ரலில் பார்த்ததைவிட இளைத்துவிட்டாள், அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. உறையில் உன் பெயரைப் பார்த்ததும் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாய். இல்லை, ராட்னி. இது என் கை, என் பென்சில். எழுபத்தாறு வயதில் உன் அப்பா எழுதுகிறான். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது, விரல் வலிக்கிறது, ஆனாலும் எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்துப் பார்க்கும்போது சிரிப்பு சிரிப்பாக வருகிறது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் ஏற்றிப்போனாளே வெர்னா, அவள்தான் செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ் அறையில் எங்களைப் போன்ற ஐந்து பேருக்குச் சொல்லித் தருகிறாள். எதைப் படிக்க ஆசையோ அதைக் கொண்டு வாருங்கள் என்றாள். மற்றவர்கள் பைபிளோடு வந்தார்கள், நான் நீ வாங்கித் தந்த புல்வெட்டும் வண்டியோடு வந்த புத்தகத்தைக் கொண்டுபோனேன். வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். "டெல்மரு, முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், எத்தனையோ கிறுக்கனைப் பார்த்திருக்கேன், புல்வெட்டி புத்தகத்துல எழுத்துக் கத்துக்கிட்டவன் நீ ஒருத்தன்தான்யா" என்றாள். நானாகவே படித்த முதல் வரி, ஓட்டுவதற்கு முன் ஆயில் அளவைப் பார்க்கவும் என்பது. வீட்டுக்கு வந்து அதை நாய்க்குப் படித்துக் காட்டினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கார் ஓட்டும் உரிமம் கிடையாது என்பதும் அது ஏன் என்பதும் உனக்குத் தெரியும். பரீட்சைத் தாளைக் கையில் கொடுத்துப் படி என்று சொல்லிவிடுவார்களே என்ற வெட்கத்தில் அந்த ஆபீஸ் பக்கமே நான் போனதில்லை. அம்மா ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளைப் பக்கவாதம் அடித்துப் பேச்சும் வலது கையும் போய், பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த பிறகு எனக்கு இருந்த ஒரே வண்டி, உட்கார்ந்து ஓட்டுகிற என் பழைய புல்வெட்டி. பின்னால் மெதுவாகப் போகிற வண்டி என்று காட்டும் ஆரஞ்சு நிற முக்கோணத்தை மாட்டிக்கொண்டு, தினமும் காலை பத்து மணிக்குச் சாலை ஓரமாகக் கிளம்புவேன். நான்கு மைல். கடைசி ஒரு மைல் டானர் மேடு. பதினொன்றே காலுக்குள் போய்விடுவேன், மோரில் ஊறிய சோள ரொட்டியைக் கரண்டியால் நான்தான் ஊட்டுவேன், மற்றவர்கள் கையால் அவள் நாலு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. இது ஊருக்கே தெரியும், லாரிக்காரர்கள்கூட ஒதுங்கிப் போவார்கள். உனக்கும் தெரியும். உனக்கு அது அவமானமாக இருந்தது என்பது எனக்கும் தெரியும். தொலைபேசியில் ஒருமுறை, "அப்பா, உங்க போட்டோவை எவனோ எடுத்து நெட்ல போட்டிருக்கான், என் ஆபீஸ்ல எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க" என்றாய். சிரித்தவர்களிடம் நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று சொன்னாயா என்று அன்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஏப்ரலில் என் பிறந்தநாளுக்கு வந்தாய். வாடகைக் காரில் என்னை அம்மாவிடம் அழைத்துப்போனாய், மனசு குளிர்ந்தது. திரும்பி வந்தால் முற்றத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய புது வண்டி நிற்கிறது, என் பழைய வண்டியைக் காணோம், கடைக்காரர்கள் பழசுக்குப் புதுசாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்தெட்டு வருடம் என்னோடு இருந்த வண்டி அது. கியரைக் கையால் மாற்ற வேண்டும், கியர் பெட்டி இரும்பு, அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆயிலை நானே மாற்றுவேன். நீ என்னைக் கேட்கவில்லை. எனக்கு எழுத்துத்தான் தெரியாது ராட்னி, இரும்பு தெரியும். கூட்டிப்போயிருந்தால் கடையில் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்த மாத்திரத்தில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நீ படம் எடுத்தாய், நான் சிரித்து நன்றி சொன்னேன். அந்தப் படத்தை யாரிடம் காட்டினாயோ தெரியவில்லை.

புது வண்டியில் கியர் இல்லை, பெடல் மட்டும்தான். மிதித்தால் போகும், விட்டால் நிற்கும், நன்றாகத்தான் இருந்தது, இருக்கை நம் வீட்டு சோபாவைவிட மெத்து. மே மாதம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஜூனில் வெயில் ஏறியதும் டானர் மேட்டில் பாதி வழியில் பின்னாலிருந்து முனக ஆரம்பித்தது. இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது, சக்கரம் சோர்ந்து போகிறது. நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஏறும். நான் அம்மாவிடம் போய்ச் சேரும் நேரம் பதினொன்றே கால் என்பது பன்னிரண்டாகி, ஒரு மணியாகியது. ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி மேட்டின் நடுவில் நின்றது நின்றதுதான். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, மடியில் ரொட்டி டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மேலே இல்லத்தின் கூரை தெரிகிறது. அந்த வழியாக வந்த ஒரு பிக்கப்காரன் கயிறு கட்டி வீடு வரை இழுத்து வந்து விட்டான். அதிலும் ஒரு தப்பு நடந்தது, அது என் தப்பு, அதையும் எழுதிவிடுகிறேன். இழுப்பதற்கு முன்னால் பின்பக்கம் இருக்கும் சின்னக் கம்பியை வெளியே இழுத்துவிட வேண்டுமாம், இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் அரைபட்டுப் போகுமாம். கம்பிக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும், கோபத்தில் படிக்கவில்லை.

உனக்கு போன் செய்தேன். "ஒரு மாசம் வீட்ல ரெஸ்ட் எடுங்கப்பா, அங்கதான் நர்ஸுங்க இருக்காங்களே" என்றாய். நர்ஸுகள் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான், ஒருத்திக்குப் பதினெட்டு நோயாளி. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வேன் என்னை ஏற்றிக்கொள்ளும் என்று பார்த்தால் அதுவும் பழுதாகிக் கிடந்தது. ஒருநாள் நடந்தே கிளம்பினேன், இரண்டாவது மைலில் முழங்கால் விட்டுவிட்டது, ஷெரிஃப் ஆபீஸ்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றி என்னை வீட்டில்தான் கொண்டுவந்து விட்டார், மேலே போகலாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. இப்படிப் பதினேழு நாள் நான் அவளைப் பார்க்கவில்லை.

எல்வுட்தான் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நீ வாங்கிய கடையின் மெக்கானிக், உன்னோடு பேஸ்பால் ஆடியவனுக்கு அண்ணன். சக்கரத்தை ஓட்டும் பெட்டியைக் கழற்றிப் பெஞ்சில் கவிழ்த்து எனக்குக் காட்டினான். "அண்ணே, இதுல பல்சக்கரம் தள்ளாது, ஆயில்தான் தள்ளும். மேட்டுல ஏற ஏற ஆயில் சூடாகித் தண்ணியாப் போயிடும், தண்ணி எதைத் தள்ளும்? இந்தப் பெட்டி அலுமினியம், பீர் டின்னுக்குக் கூடப்பொறந்தது. ஆயில் மாத்த அடியில ஓட்டையும் வைக்கல, வடிகட்டியும் வெளிய இல்ல. சமதரையில புல்லு வெட்டுறவனுக்குப் பத்து வருஷம் ஓடும், உனக்கு நாலு மாசம் ஓடினதே அதிசயம்" என்றான். பிறகு பின்சக்கரத்தின் ரப்பர் மூடியைப் பிடுங்கினான். உள்ளே அச்சு என் கட்டைவிரல் தடிமன், அதில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது வளையல்போல ஒரு கிளிப். மேடு ஏறுகிற வண்டிக்குக் கார்போல ஐந்து போல்ட் போட்டிருக்கும். இதைப் பார்க்க எழுத்து வேண்டாம், கண் போதும்.

அப்புறம் நான் கேட்டேன், இதைவிடக் கெட்டியானது உங்கள் கடையில் இல்லையா என்று. எல்வுட் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "உனக்குத்தான் இப்பப் படிக்க வருமாமே" என்று உள்ளே போய் ஒரு மஞ்சள் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். நீ ஆர்டர் கொடுத்த தாள். உன் கையெழுத்தை நான் படித்தது அதுதான் முதல் தடவை, ராட்னி. நீ எட்டு வயதிலிருந்து எழுதியதெல்லாம் அம்மா படித்துச் சொல்லக் கேட்டதுதான். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். எங்கே ஓட்டப்படும் என்ற இடத்தில், வீட்டு முன் புல்தரை மட்டும், சமதரை, மேடு இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ பிறந்து வளர்ந்த முற்றம் அது, பந்தை வைத்தால் ஓடைக்கு உருண்டுவிடும், உருண்ட பந்தையெல்லாம் எடுத்து வந்தவன் நான். அதன் கீழே, பெரிய கியர் பெட்டி வேண்டாம், சின்னது போதும், அதற்குப் பக்கத்தில் உன் கையொப்பம். எல்வுட்டைப் பிடித்து உலுக்கினேன், வேறென்ன சொன்னான் சொல் என்றேன். "நான் சொன்னேண்ணே, உங்கப்பா டானர் மேட்டுல போறவரு, இது தாங்காதுன்னு. அதுக்கு அவன், ஏறலன்னா அதுவும் நல்லதுக்குத்தான், கெழவன் லாரிக்கு அடியில போகாம வீட்ல கெடக்கட்டும்னான்" என்றான்.

பயந்துதான் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் மகன் இருக்கிறான், பயம் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் பயப்படுகிறவன் முகத்துக்கு நேரே சொல்வான், சண்டை போடுவான், என்னைக் கூட்டிப்போக யாரையாவது ஏற்பாடு செய்வான். நீ ரிப்பன் கட்டினாய். முன்னால் கூழாங்கல் பரப்பிய வீட்டில் இருந்துகொண்டு, புல்லே இல்லாத ஊரிலிருந்து, நான் அம்மாவைப் பார்ப்பதா வேண்டாமா என்று ஒரு தாளில் இரண்டு வரியில் முடித்துவிட்டாய், நான் படிக்க மாட்டேன் என்ற தைரியத்தில்.

வேறு வண்டியை இந்தத் தடவை நானே தேர்ந்தெடுத்தேன். எல்வுட்டின் பின்கொட்டகையில் ஒரு பழையது இருந்தது, பெயிண்ட் போனது, இருக்கை கிழிந்தது. குதிரைத்திறன் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. தரையில் படுத்துப் பார்த்தேன். ஐந்து போல்ட், இரண்டு விரல் தடிமன் அச்சு, வெளியே தெரிகிற வடிகட்டி, ஆயில் இறக்க அடியில் மூடி, பெட்டியை ஆற்றக் காற்றடிக்கும் விசிறியின் இறக்கை ஒன்றுகூட உடையவில்லை. அதன் புத்தகத்தை வாங்கி, சரிவைப் பற்றிச் சொல்லும் பக்கத்தைக் கடையில் நின்றபடியே படித்து முடித்தேன், எல்வுட் ஒரு சிகரெட் குடித்து முடித்து இரண்டாவதும் பற்றவைத்துவிட்டான், அவசரப்படுத்தவில்லை. அதற்கு ஈடாக உன் வண்டியை உதிரி பாகத்துக்கென்று அவனுக்கே கொடுத்தேன், போதாததற்கு நம் மீன்பிடிப் படகையும் கொடுத்துவிட்டேன். நீ அதை வருடக்கணக்கில் கேட்கவில்லை, அதனால் உன்னைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி டானர் மேட்டை ஒரே மூச்சில் ஏறினேன். அம்மா என்னைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒலீட்டாவிடம், டெல்மர் நாளைக்கு வருவார் என்று தினமும் சொன்னோம் என்றாள் நர்ஸ். அங்கே எல்லாருக்கும் அதையேதான் சொல்கிறார்கள், பிள்ளை வராதவர்களுக்கு, செத்துப்போன புருஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு, எல்லாருக்கும் நாளைக்கு வருவார்தான். அவள் எப்படி நம்புவாள்? வாயால் நான் என்ன சொன்னாலும் திரும்பவில்லை. கரண்டியை நீட்டினால் உதட்டை மூடிக்கொள்கிறாள், கழுத்து எலும்பு தெரிகிறது. மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் வெர்னா தந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் பெரிய எழுத்தில் எழுதினேன். வண்டி மேட்டில் செத்துவிட்டது. வர மாட்டேன் என்று இருக்கவில்லை. வர முடியவில்லை. அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஐம்பத்தொரு வருடம் எனக்குப் படித்துக் காட்டியவள், என் எழுத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. தாளைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். இடது கை விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நகர்த்தினாள், நான் நகர்த்துவதைவிட வேகமாக. பிறகு வாயைத் திறந்தாள். அரைக் கிண்ணம் சாப்பிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு, செத்துவிட்டது என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள், ஏன் என்று. உன் மஞ்சள் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. உனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவள் அவள், பார்த்தால் ஒரு நொடியில் அடையாளம் தெரிந்துவிடும். நான் பென்சிலை எடுத்து, கடைக்காரன் தப்பான பெட்டியைத் தந்துவிட்டான் என்று எழுதினேன். எழுதக் கற்றுக்கொண்டு நான் எழுதிய முதல் பொய் அது. எல்வுட்டிடம் போய் ஒப்புக்கொண்டேன். "என் பேரைக் கெடுத்துட்டியா? சரி விடுண்ணே, ஒலீட்டா அக்கா என்னை அடிக்கணும்னு எந்திரிச்சு வந்தாங்கன்னா எனக்கு அதைவிட என்ன வேணும்" என்றான். அந்நியன் சொன்னான் அதை.

அந்தத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் என்றைக்காவது அவள் கண்ணில் பட்டுவிடும். கிழிக்காதே, படித்துப் பார். பனி விழுவதற்கு முன்னால், நவம்பருக்குள், நீ வர வேண்டும். வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்து உன் வாயால் சொல். அவள் உன்னை மன்னித்துவிடுவாள், நானும் அங்கேயேதான் இருப்பேன். வராவிட்டால் என் பொய் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு நல்ல மகனாகவே நீ இருப்பாய், எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

காரின் டயரை அவ்வப்போது பார்த்துக்கொள், அங்கே சாலை கொதிக்கும். பேத்திகளை எனக்கு எழுதச் சொல், அச்செழுத்தில், பெரிதாக. இனி யாரும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை, அதனால் நீயும் என்ன எழுதுகிறாய் என்று யோசித்து எழுது. கடவுள் உங்கள் நால்வரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

மறக்க வேண்டாம், நவம்பருக்குள்.

உன் அப்பா,
டெல்மர் ஸ்டிடம்