சுமட்டுக்காரர்களுக்கு ஒரு நாள்

கொல்லம் 1108, ஐப்பசி 3, புதன்

சாயப்புலியே, மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். கூரை இரண்டு இடத்தில் ஒழுக்கு. நீங்கள் வரைந்த நாடகப் படுதாச் சுருட்டைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன், ஒற்றை ஆளாக. மூங்கிலோடு என்ன கனம்.

(ஆள் முன்னால் இப்படிக் கூப்பிட்டதில்லை. வரிவரியாகச் சாயத்தோடு வீட்டுக்கு வருவீர்களே, அதனால் வந்த பேர். நமக்குள் மட்டும்.)

நீங்கள் கண் மூடி எழுபத்திரண்டு நாள். என் மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணல்தான். யார் பார்க்கப் போகிறார்கள்.

வாங்க: உப்பு, மண்ணெண்ணெய், ஒரு பாக்கு மட்டை விசிறி.

படுதாவில் இன்னும் பசையும் சாயமும் மணக்கிறது. கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். உங்கள் கை வாசம்.

5, வெள்ளி

படுதாவுக்குத் துணி கொடுத்த சாலைக் கடைத்தெரு ஜவுளிக்கடைப் பிள்ளை வந்தார். கூட நாடக சபை ஐயர். சர்க்கார் குமாஸ்தா, மேடையில் ராஜா.

"அடுத்த வெள்ளி நாடகம். படுதாவை எடுக்க வந்தோம், தாயி."

"வெள்ளி, சனி சரி. ஞாயித்துக்கிழமை?" என்றேன்.

இரண்டு பேரும் மேலே கூரையைப் பார்த்தார்கள். நீங்கள் வேலையை ஏற்றபோது, பள்ளிக்கூடத் தலைமையம்மாவையும் வைத்துப் பேசினது அதுதானே. மூன்றாம் நாள் டிக்கெட் இல்லாமல், சாலைக் கடைத்தெருவில் மூட்டைச் சுமடு எடுப்பவர்களுக்கு, பெண்டு பிள்ளைகளோடு. அந்தச் சொல்லை நம்பித்தானே அவர்கள் மேடைப் பலகை முழுக்கக் கூலியில்லாமல் தலையில் சுமந்து போட்டார்கள்.

பிள்ளை: "அவரு சொன்னாரு, சரி. அவருதான் போயிட்டாருல்லா."

ஐயர்: "அவாள்ளாம் வந்து பெஞ்சில உக்காந்தா, மத்த நாள் பெரிய மனுஷா வருவாளோ?"

"கூலி முழுக்கத் தந்தாச்சே, இன்னும் என்ன வேணும்?" என்று பிள்ளை.

"கூலி கேக்கல. நாளைக் கேக்கேன். நாளைத் தாரும், படுதாவைத் தாரேன்."

பிள்ளை சிரித்துவிட்டார். "ஐயரே, இவ மாப்பிள்ளை காய்ச்சின பசையை விட இவ ஒட்டு பலமால்லா இருக்கு!"

போன பிறகு கதவைத் தாழிட்டேன். துணி பிள்ளையின் துணிதானே. அடுத்தவர் பொருளை நீங்கள் ஒருநாளும் பிடித்து வைத்ததில்லை. செய்தது சரியா, தெரியவில்லை.

7, ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன். முருங்கை ஒடிந்து கிடக்கிறது.

செல்லம்மை வந்தாள், சந்தையில் கூடை சுமப்பவள். அவள் புருஷனும் பலகை சுமந்தவன். "அக்கா, அடுத்த ஞாயிறாழ்ச்ச நாடகம் உண்டல்லோ? பிள்ளையள் ஒறங்க விடல்லே." கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

நீங்கள் விரல் மடக்கிச் சொல்வீர்கள். துணி பிள்ளையோடது, இடம் பள்ளிக்கூடத்தோடது, நடிப்பு ஐயர் கூட்டத்தோடது, சாயம் நம்மோடது, பலகை சுமந்த தலை இவர்களோடது. இத்தனை பேர் சேர்ந்து போட்டதை, பாதி ஊர் வேலிக்கு வெளியே நின்று கேட்டால் அது என்ன நாடகம் என்று. நான் "சோறு ஆறுது, வாங்க" என்பேன்.

இன்று சோறு ஆறினது. அவ்வளவுதான்.

10, புதன்

ஐயர் தனியாக. குடை சொட்டச் சொட்ட.

"பள்ளிக்கூடத்துத் தலைமையம்மா சொல்லிட்டா, பேசினது பேசினதுதானாம். ஞாயித்துக்கிழமை இல்லேன்னா இடமே இல்லையாம். அங்க அவ சாவியைப் பிடிச்சுண்டிருக்கா, இங்க நீ படுதாவைப் பிடிச்சுண்டிருக்கே. ரெண்டு பொம்மனாட்டிகள்ட்ட மாட்டிண்டு முழிக்கறேன்!"

"அப்ப ஞாயிறு உண்டா?"

"உண்டு, உண்டு. பெஞ்சு கிடையாது, பாய்தான்."

"பாய் போட்டாலும் முன்னால போடணும், சாமி."

ராஜா தலையாட்டினார்.

நாலு பேர் வந்து தூக்கிப் போனார்கள். ஜெயித்தது நான்தான். ஆனால் வீடு ஒரேயடியாகப் பெரிசாகிவிட்டது. சுருட்டுக் கிடந்த இடத்தில் தரை மட்டும் காய்ந்து வெளுத்து, நீளமாக. மிதிக்காமல் சுற்றிப் போகிறேன்.

14, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு தெளிவு. அடுத்த வீட்டுக்காரி எனக்குக் கேட்கவே சொன்னாள்: "மாப்பிள்ளை போயி மூணு மாசம் திகையல்ல, நாடகம் பாக்கப் பொறப்பட்டாச்சு." போனேன்.

பாய் முன்னால்தான். செல்லம்மை பக்கத்தில் உட்கார்ந்தேன். இடமில்லாமல் சன்னலிலும் ஆள். மணி அடித்துப் படுதா இறங்கியது. பிள்ளையின் சரக்குக் கிட்டங்கித் தரையில் வைத்து வரைந்து, சுருட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள், நான் வீட்டில் சாயம் அரைத்துக் கொடுத்ததோடு சரி. முழுசாக இன்றுதான் பார்க்கிறேன். குளம், மரம், படித்துறை. குழந்தைகள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருவன், "எடே, வெள்ளம் அனங்குதுடே!" குளத்துத் தண்ணீர் அசைகிறதாம். ஒரே கூச்சல். கதவருகே பிள்ளை, தானே வரைந்தது மாதிரி நிற்கிறார்.

படித்துறையில் ஒருத்தி, குடத்தோடு மேலே ஏறிப் போகிறாள். முகம் தெரியாது, முதுகுதான். செல்லம்மை என் தொடையைக் கிள்ளினாள். "அக்கா, இது நிங்ஙளல்லே? எடத்தே தோளு சரிஞ்சு, அதே நடப்பு!"

"போடி" என்று இடது தோளை நிமிர்த்தினேன்.

ஐயர் என்ன பேசினார், யார் அழுதார்கள், ஒன்றும் மனசில் நிற்கவில்லை. எப்போது படுதா இறங்கும் என்றே இருந்தேன். நாலு தரம் இறங்கியது. நாலு தரமும் அவளைப் பார்த்தேன்.

என் முதுகை நான் கண்டதில்லை. எங்கே போனாலும் நீங்கள் முன்னால், நான் பின்னால். எந்த நாளில் நின்று, எனக்குப் பின்னால் வந்து, இவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?