என்ன என்றால் வாங்க

மேற்கணக்கு லயம், தலவாக்கலை
9.6.2024

சிட்டுக்குட்டி,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. உன் போனில் சிங்களம் படிக்கிறேன். நீ இறக்கி வைத்த அதே பாடம்தான். திறந்தால் "வணக்கம் கிருஷாந்தி" என்கிறது. ஆள் மாறியது அதற்குத் தெரியாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் அறைக்கு வெளியே நின்றேன். நர்ஸ் நோனா வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். கடைசியில் "அம்மா, என்ன" என்றது மட்டும் விளங்கியது. தமிழில் கேட்கிறார் என்று நினைத்து, "ஒண்ணுமில்லீங்க நோனா" என்று சொல்லி வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நீ இல்லை.

அவர் சொன்னது என்னவென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நானே போய் அவர் பாஷையில் கேட்பேன். உன் அப்பா, கொழுந்து பறிக்கச் சிங்களம் எதற்கு என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உன் அம்மா
ஜீவராணி

28.7.2024

சிட்டு,

போனில் 'என்ன' என்று ஒரு குரல் வந்தது. கீழே மூன்று பதில். கேள்விதானே என்று ஒன்றைத் தொட்டேன். தவறாம். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'.

அன்றைக்கு நர்ஸ் நோனா சொன்னதும் இந்த 'என்ன'தான். போன் "பரவாயில்லை" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

டவுனில் ஞாயிறு சிங்கள வகுப்பு எடுக்கிற ரிஃப்னா டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டார். "அவங்க தமிழ்லயே கேட்டிருப்பாங்கக்கா. மனசப் போட்டு ஒலப்பிக்காதீங்க." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொய் வேணாம் டீச்சர். அந்த நோனாகிட்ட எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுங்க" என்றேன்.

சொல்லிக் கொடுத்தார். நான் பாதியில் நிறுத்தியபோதெல்லாம் காத்திருந்தார். போன் அப்படிக் காத்திருக்காது.

உன் அம்மா

1.9.2024

சிட்டு,

நேற்று போனேன். அதே நோனாதான். தடுமாறாமல் கேட்டேன். அவருக்கு உன் முகம் நினைவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அந்த அறைக்குள் யாரையும் விடமாட்டார்களாம். பிள்ளை தேடினால் மட்டும் அம்மாவை உள்ளே கூப்பிடுவார்களாம்.

அப்படியென்றால் நீ தேடியிருக்கிறாய்.

படிப்பை நான் விடப்போவதில்லை. அடுத்த மாதம் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி பிரசவத்துக்குப் போகிறாள். அவளோடு நான் போகிறேன். நோனாமார் சொல்வதை நான் கேட்டுச் சொல்வேன்.

என்ன சொல்ல என்னைத் தேடினாய், சிட்டு?